கப்ளிங், கொஹீஷன்: பிணைப்பும் உட்செறிவும்

மென்பொருளைச் சர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் சிறு நிரல்களாகப் பிரிக்கும் பேச்சு வந்தாலே இந்த இரண்டு சொற்களும் வந்துவிடும். இத்துறைக்கு இவற்றைத் தந்தவர் லாரி கான்ஸ்டன்டைன். 1960களின் பிற்பகுதியில் அவர் யோசித்தவை, 1974இல் ஸ்டீவன்ஸ், மையர்ஸ் இருவருடன் சேர்ந்து ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரை வழியே பரவின.

கப்ளிங்கின் லத்தீன் வேர் ‘கோபுலா’, அதாவது கட்டு. ஒரு சர்வீஸைத் திருத்தினால் இன்னொன்றையும் எந்த அளவுக்குத் திருத்த வேண்டியிருக்கிறது என்பதுதான் கப்ளிங். இதைத் தமிழில் ‘இணைப்பு’ என்று எழுதினால் நெட்வொர்க் கனெக்‌ஷனோடு குழம்பும். ‘பிணைப்பு’ சரியாக இருக்கும். பிணை நிற்பவர் அடுத்தவர் செய்ததற்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லில் அந்தச் சுமையும் தெரிகிறது.

கொஹீஷன் என்பது ஒட்டி நிற்பது. ஒரு சர்வீஸுக்குள் இருப்பவை எல்லாம் ஒரே வேலைக்காகச் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்கும் சொல். ‘ஒருங்கிணைவு’ இன்டக்ரேஷனுக்குப் போய்விட்டது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொற்கள் நெகிழாமல் நெருங்கி நிற்பதைச் ‘செறிவு’ என்கிறது. வேதியியலிலும் செறிவு உண்டு என்பதால், ‘உட்செறிவு’ என்பதே என் தேர்வு.

பிணைப்பைக் குறைக்கத்தானே சிறிது சிறிதாக வெட்டுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சேர்ந்தே மாறும் பகுதிகளைப் பிரித்தால், உள்ளே செறிவாக இருந்தது வெளியே பிணைப்பாகிவிடும். செக்மென்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அனுபவம் இதற்கு நல்ல சான்று. வாடிக்கையாளர் தரவை வாங்கிப் பல மென்பொருள் கருவிகளுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். தரவு போய்ச் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சர்வீஸ் என்று வைத்து, எண்ணிக்கை 140ஐத் தாண்டிவிட்டது. எல்லாமே சில பொது லைப்ரரிகளை, அதாவது பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை, நம்பியிருந்தன. லைப்ரரியில் ஒரு திருத்தம் என்றால் அத்தனை சர்வீஸையும் சோதித்து டெப்ளாய் செய்ய, அதாவது புதிதாக இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது முடியாமல் போகவே, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வெர்ஷன் தங்கிவிட்டது. பார்வைக்குத் தனித்தனி, நடப்பில் இறுகிய பிணைப்பு.

அப்புறம் அனைத்தையும் ஒரே சர்வீஸாக்கினார்கள். செய்த வேலை ஒரே வகை என்பதால் உட்செறிவு கெடவில்லை, லைப்ரரித் திருத்தமும் எளிதானது. ஆனால் ஒரு கருவிக்கான நிரலில் பிழை வந்து சர்வீஸ் விழுந்தால் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் தரவு நிற்கும். அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள்.