சேஃப்டி ரேசர் வாங்கும்போது தலையைப் பாருங்கள்

"ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் சவரம் செய்தால் கழுத்தெல்லாம் சிவந்து சின்னச் சின்னக் கட்டியாக வருகிறது. பழைய மாதிரி சேஃப்டி ரேசருக்கு மாறலாம் என்று பார்த்தால் எக்கச்சக்க வகை இருக்கிறது. எதை வாங்குவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் எல்லோரும் கைப்பிடியைப் பார்த்துத்தான் ரேசர் வாங்குகிறார்கள். கனமாக இருக்கிறதா, பளபளக்கிறதா, பிடிக்க வாகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஆனால் முகத்தில் படுவது ரேசரின் தலை. சவரம் சுகமாக இருக்குமா, எரியுமா என்பது அந்தத் தலையில் ஒரு மில்லிமீட்டர் இடத்துக்குள் முடிவாகிவிடுகிறது.

முதலில் கட்டி விஷயம். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக வெளியே இழுக்கிறது, அது பழையபடி உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட முனை தோலுக்குக் கீழே போய்விடும். சுருள் முடிக்காரர்களுக்கு அது திரும்ப வளரும்போது பக்கவாட்டில் தோலையே குத்திக் கட்டியாகும். ஒற்றை பிளேடு பெரும்பாலும் தோல் மட்டத்தோடு வெட்டி நிறுத்திக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே மாறுவது நல்ல யோசனைதான்.

வரலாறு சுருக்கமாக: கத்திக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்துத் தோலைக் காப்பாற்றும் யோசனை 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. கிங் கேம்ப் ஜில்லெட் செய்த புதுமை, மெல்லிய தகடு பிளேடு. 1901இல் விண்ணப்பித்த காப்புரிமை 1904இல் கிடைத்தது. காகிதம் மாதிரி மெல்லிய எஃகைக் கோணாமல் கடினப்படுத்துவது முடியாத காரியம் என்று பலரும் கைவிரித்தபோது, வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். 1903இல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்டில் போனது வெறும் 51 ரேசர். சரி, அது கிடக்கட்டும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இரட்டை முனை பிளேடின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. இரண்டு விரலால் பிடித்து லேசாக அழுத்தினாலே வளைந்துவிடும். இவ்வளவு தொளதொளப்பான தகடு எப்படி முரட்டுத் தாடியை வெட்டுகிறது? தலையைக் கழற்றி, பிளேடை வைத்து, மேல்மூடியைப் போட்டுக் கைப்பிடியை மெதுவாகத் திருகிக்கொண்டே பக்கவாட்டில் பாருங்கள். முதலில் பிளேடு தட்டையாகக் கிடக்கும். திருகத் திருக மூடியின் ஓரங்கள் பிளேடின் இரண்டு ஓரங்களையும் கீழே தள்ளும், நடுப்பகுதி அடித்தட்டின் மேட்டில் முட்டி நிற்கும், கடைசித் திருகில் பிளேடு ஒரு சின்ன வளைவாக இறுகிவிடும். அந்த வளைவுதான் எல்லாம்.

ஒரு காகிதத்தை ஒரு ஓரத்தில் பிடித்து நீட்டினால் மறுமுனை தொங்கிவிடும். அதையே அகலவாக்கில் லேசாகக் குழித்துப் பிடித்தால் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். இதற்குப் பின்னால் இருப்பது கணித மேதை கவுஸ் 1827இல் நிறுவிய தேற்றம். ஒரு தகட்டை இழுக்காமல், சுருக்காமல் வளைத்தால், ஒரு புள்ளியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு முதன்மைத் திசைகளின் வளைவுகளைப் பெருக்கி வரும் எண் மாறவே மாறாது. தட்டைத் தகட்டுக்கு அது பூஜ்யம். ஒரு திசையில் நாம் வளைவு கொடுத்துவிட்டால், பெருக்கல் பூஜ்யமாகவே இருக்கவேண்டும் என்பதால் மற்றத் திசையில் வளைவு பூஜ்யமாகத்தான் இருந்தாகவேண்டும். அங்கேயும் வளைக்கவேண்டுமானால் எஃகையே இழுத்து நீட்டவேண்டும், அதற்குப் பெரும் விசை தேவை. ரேசருக்குள் பிளேடு அகலவாக்கில் வளைந்திருக்கிறது, ஆகவே நீளவாக்கில், அதாவது வெட்டும் முனை நெடுகிலும், அலை அலையாக நெளிய முடியாமல் நேர்கோடாக நிற்கிறது. எந்த மோட்டாரும் இல்லாமல், ஒரே ஒரு திருகில், கவுஸ் நம் கன்னத்துக்குக் காவல் நிற்கிறார்!

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. மூடி அழுத்தும் இடத்துக்கு வெளியே பிளேடின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்குமே, அது மேலும் கீழும் துடிக்கலாம். தாங்கல் இல்லாத தகட்டின் விறைப்பு அதன் நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். நீட்டல் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. எரிச்சலில் கணிசமான பங்கு இந்தத் துடிப்பிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. முடியில் முட்டிய நுனி பின்னால் வளைகிறது, முடி அறுந்ததும் விடுபட்டுத் தோலைத் தட்டுகிறது, ஒரே இழுப்பில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆகவே நல்ல ரேசருக்கு என் முதல் அளவுகோல், மூடியும் அடித்தட்டும் பிளேடை நுனிக்கு எவ்வளவு அருகில் கவ்விப் பிடிக்கின்றன என்பதுதான். தடிமனும் இதே மும்மடிக் கணக்குத்தான். பழைய ஜெம் வகை ஒற்றை முனை பிளேடு சுமார் 0.23 மி.மீ. தடிமன், அதே நீட்டலுக்குப் பன்னிரண்டு மடங்கு விறைப்பு. அதைப் பிடித்தவர்கள் விடுவதில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்து இடைவெளியும் வெளிநீட்டமும். பிளேடு முனைக்கும் அதன் கீழேயுள்ள தடுப்புக்கும் நடுவே உள்ளது இடைவெளி. மூடியின் விளிம்பையும் தடுப்பின் விளிம்பையும் தொட்டு ஒரு கோடு போட்டால், முனை அதற்கு வெளியே எவ்வளவு துருத்துகிறதோ அது வெளிநீட்டம். விளம்பரத்தில் இடைவெளியை மட்டும் போடுவார்கள், அதை வைத்து மென்மையா முரட்டுத்தனமா என்று முடிவு செய்யாதீர்கள். இடைவெளி அதிகமாக இருந்து முனை அந்தக் கோட்டுக்கு உள்ளேயே இருந்தால் ரேசர் சாதுவாகவே இருக்கும். தோல் தட்டையான பலகை கிடையாது, மூடிக்கும் தடுப்புக்கும் நடுவே மேடாகப் புடைத்துக்கொண்டு பிளேடை நோக்கி வரும். அழுத்தினால் இன்னும் புடைக்கும், பிறகு என்ன, தோல் சீவப்படும். எரிச்சல் உள்ளவர்கள் வெளிநீட்டம் பூஜ்யமோ அதற்குக் கீழோ உள்ளதை வாங்குங்கள். தினமும் மழிப்பவருக்கு அது போதும். வாரத்துக்கு ஒருமுறை மழிப்பவருக்கு நீண்ட முடியும் நுரையும் போக வழி வேண்டும், அவர்களுக்குத் தடுப்பு சீப்புப் பல் மாதிரி இருக்கும் வகை தோது.

எந்த ரேசரானாலும் காய்ந்த முடியில் வைக்காதீர்கள். முடியின் கெரட்டின் என்ற புரதச் சங்கிலிகளைக் கட்டிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்துகிறது, இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நனைந்தாலே வெட்டத் தேவையான விசை கணிசமாகக் குறைந்துவிடும். சோப்பின் வேலை எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, ஈரத்தை அங்கேயே பிடித்து வைப்பது.

பிளேடு எப்போது மாற்றுவது? இழுக்கிற மாதிரி இருந்தால் உடனே. எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது, அப்படியும் பிளேடு மழுங்குகிறதே என்ற கேள்வியை அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, 2020இல் சயன்ஸ் இதழில் விடை சொன்னார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டவைத்துப் பார்த்தார்கள். முனை தேய்ந்து உருண்டுபோகும் என்றுதான் நாம் நினைப்போம், ஆனால் அங்கே நடந்தது சில்லு சில்லாகப் பெயர்வது. முடி சாய்ந்து வளையும்போது, அதன் பக்கவிளிம்பு எஃகின் நுண்ணமைப்பில் சீரில்லாத ஓர் இடத்தில் படநேர்ந்தால், தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் அழுத்தம், அங்கே குவிந்து ஒரு சில்லு தெறிக்கிறது.

இதே மழுங்கலுக்கு இன்னொரு "தீர்வும்" உலகில் உலவியது. பிரமிடு வடிவ அட்டைக்குள் பிளேடை வைத்தால் கூர்மை போகாது என்று செக்கோஸ்லோவாக்கியாவின் காரெல் ட்ர்பல் என்பவர் 1959இல் காப்புரிமையே வாங்கினார். காப்புரிமை கிடைத்தால் பொருள் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. இன்னும் அதை நம்புகிறவர்கள் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெயர்ந்துபோன சில்லை எந்தப் பிரமிடும் திரும்ப ஒட்டவைக்காது. "முடி எஃகை ஏன் மழுக்குகிறது" என்று கேட்டு நிதி கேட்டால் இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்பார்கள். இப்படிப்பட்ட சின்னக் கேள்விக்குப் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும். நீண்டநாள் உழைக்கும் எஃகை வடிவமைக்க வழி அங்கிருந்துதான் திறக்கிறது.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்தவை பெரும்பாலும் ஜமாக் என்ற துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் முலாம் பூசியவை. நன்றாகவே சவரம் செய்யும், ஆனால் முலாம் உரிந்தால் உள்ளே அரிக்கும், திருகுமரை உடைவதும் உண்டு. பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் அதிகக் காலம் தாங்கும். எதை வாங்கினாலும் பிளேடைப் போட்டு இறுக்கியதும் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் முனை ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் தளர்த்தி, பிளேடின் குறுகிய ஓரங்களைப் பிடித்துச் சரிசெய்து மறுபடி இறுக்குங்கள். நாலு தடவை செய்தும் கோணலாகவே நின்றால் தலையின் வார்ப்பிலேயே குறை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.