அலைகளைத் திருப்பும் கடலடித் தரை

"காற்று கரைக்குச் சாய்வாக வீசும் நாளிலும் அலைகள் மட்டும் கரைக்கு ஏறக்குறைய இணையாகவே வந்து விழுகின்றனவே, எப்படி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. கரையருகே அலையின் திசையை முடிவு செய்வது காற்றல்ல, கடலடித் தரை.

அலையில் பயணம் செய்வது ஆற்றல். நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வட்டமிடுகிறது. அந்தச் சுழற்சி கீழே போகப் போகச் சிறுத்து, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் அநேகமாக அடங்கிவிடும். 10 விநாடிக்கு ஒரு முகடு வீதம் வரும் அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 156 மீட்டர். ஆகவே ஆழம் 78 மீட்டருக்குக் கீழே குறைந்த பிறகே தரை இருப்பது அதற்குத் தெரியவருகிறது. அங்கிருந்து வேகம் தணிகிறது. உராய்வு இதற்கு முக்கியக் காரணமல்ல. தரை கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தாலும், ஆழம் குறைந்தால் வேகம் குறையும். முகடுகள் நெருங்கி, ஆற்றல் குறுகிய இடத்தில் திரண்டு, அலை உயர்கிறது. அந்த உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டும்போது உச்சி முன்னால் சரிந்து உடைகிறது.

என்னை மயக்குவது இதற்கு முன்பே நடக்கும் திருப்பம்தான். சாய்வாக வரும் ஒரே முகட்டின் ஒரு முனை 2 மீட்டர் ஆழத்திலும், மறுமுனை 10 மீட்டர் ஆழத்திலும் இருப்பதாகக் கொள்வோம். முதல் முனை விநாடிக்கு 4.4 மீட்டர் நகர்கிறது. மற்றது 9 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓடுகிற முனை முந்த முந்த, முகடு முழுவதும் கரைப்பக்கம் வளைகிறது. யாரும் இழுக்காமல், எதன் மீதும் மோதாமல், ஆழ வேறுபாடு ஒன்றினாலேயே ஒரு நீண்ட முகடு திரும்புகிறது! கண்ணாடி வில்லையில் ஒளி வளைவதும் இதே கணக்குதான். நிலமுனைகளுக்கு முன்னால் ஆழம் குறைவாக இருந்தால் அலைகள் அங்கே குவிந்து மோதும்; குடாக்களில் விரிந்து தணியும்.

திருப்பம் முழுமையடைவதில்லை. மிஞ்சும் சில பாகைச் சாய்வே கரையோர நீரோட்டத்தை உண்டாக்கி மணலை நகர்த்துகிறது. அதன் குறுக்கே கற்சுவர் எழுப்பினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். சுவருக்குச் செலவிடும் முன் கடலடி ஆழத்தை அளக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறை அளந்தாலும் போதாது. ஒரு புயலே மணல் திட்டுகளை இடம் மாற்றிவிடும். அதோடு அலைகள் குவியும் இடமும் மாறும்.