கேற்றுக்கு அடித்த பெயின்ட் நாய்க்குட்டியின் காலில் எதற்கு?

எங்கள் மிருக வைத்தியசாலைக்கு இந்தக் கிழமையும் ஒன்று வந்தது. மூன்று மாதக் குட்டி. நாலு பாதங்களிலும் சிவப்பு எனாமல் பெயின்ட், நகங்களைச் சுற்றி ஓடு கட்டிக் காய்ந்திருந்தது. விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தால் தோல் வெந்து கசிகிறது. வாயைத் திறந்தால் மண்ணெண்ணெய் மணம். மூச்சு வாங்குகிறது. கொண்டுவந்த அம்மாவிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பெயின்ட் போகட்டும் எண்டு கொஞ்சம் மண்ணெண்ணெய்தான் பூசினனாங்கள், டொக்டர். அது ஒண்டும் செய்யாதுதானே?"

செய்யும். அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெயின்ட் எதற்கு என்று கேட்டால் வாழ்த்து மட்டைக்கு. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் பிள்ளைகள் தங்கள் நாயின் பாதத்தைப் பதித்து மட்டை செய்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். இங்குள்ள பிள்ளைகளுக்கும் பதிலுக்கு ஒன்று அனுப்ப ஆசை. நவம்பர் 23இல் வரும் வுல்ஃபெனூட் என்ற பண்டிகைக்காம். 2018இல் நியூசிலாந்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கற்பனையில் பிறந்து, தாய் அதை இணையத்தில் எழுதப்போய் உலகெல்லாம் பரவியது. மதம், கடவுள் எதுவும் இல்லை. ஓநாயின் ஆவி எல்லாருக்கும் பரிசு கொண்டுவரும், நாய்களிடம் அன்பாக இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல பரிசு, வீட்டில் இறைச்சி சமைப்பார்கள், முழுநிலவு போலக் கேக் செய்வார்கள். நல்ல விஷயம். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இதே மாதிரி மட்டை செய்கிற வீடுகளும் இருக்கின்றன. பிள்ளைகள் நாயை நினைத்து ஒரு நாள் கொண்டாடினால் என்னைவிடச் சந்தோசப்படுகிறவர் இருக்க முடியாது. ஆனால் அந்த நாய்க்காகச் செய்கிற மட்டையால் அந்த நாயே மேசையில் கிடக்கக் கூடாது.

மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். நம் ஊரில் உண்ணிக்கும் அதுதான், சொறிக்கும் அதுதான், தார் ஒட்டினாலும் அதுதான். "அப்பு காலத்திலயிருந்து பூசுறம்" என்பார்கள். பூசி என்ன நடந்தது என்று அப்பு காலத்தில் யாரும் பார்க்கவில்லை. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. மேலே ரோமம் இருப்பதால் தடிப்பான தோல் என்று நினைக்கிறோம், ரோமத்தை விலக்கிப் பாருங்கள். மண்ணெண்ணெய் அந்தத் தோலின் கொழுப்பைக் கரைத்து எரித்துவிடும். எரிந்தால் நாய் என்ன செய்யும்? நக்கும். நக்கினால் வாய்க்குள் போகும். அங்கேதான் பெரிய ஆபத்து. மண்ணெண்ணெய் தண்ணீரைப் போல ஓடும் எண்ணெய், விழுங்கும்போது துளி அளவு மூச்சுக்குழாய்க்குள் வழுக்கினாலும் நுரையீரல் முழுக்கப் பரவிப் புண்ணாக்கும். குட்டிக்கு மூச்சு வாங்கியது அதனால்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் செய்கிற இரண்டாவது வேலை இன்னும் மோசம். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கிறார்கள். வயிற்றுக்குள் கிடந்த மண்ணெண்ணெய் திரும்ப மேலே வரும்போது நுரையீரலுக்குள் போக இன்னொரு தரம் வழி திறந்துவிடுகிறது. உப்பு கூடினால் அதுவே நஞ்சு. தயவுசெய்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், தேங்காய்ப்பால், முட்டை ஒன்றும் பருக்க வேண்டாம். டேப்பன்டைன், தின்னர், பெற்றோல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முதல் சில மணித்தியாலங்களில் எக்ஸ்ரே எடுத்தாலும் நுரையீரல் சுத்தமாகத் தெரியலாம். "ஒண்டுமில்லையாம்" என்று கூட்டிக்கொண்டு போய், மறுநாள் இரவு ஓடி வருகிறார்கள்.

பூனை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கியே எடுக்கும். காலைக் கழுவ டெட்டோல் ஊற்றாதீர்கள், பூனையின் ஈரலால் அதைக் கையாள முடியாது. நோகுது போல என்று பனடோல் கொடுக்காதீர்கள், ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும். அரைக் குளிசை, கால் குளிசை என்று என்னிடம் பேரம் பேச வேண்டாம்.

மட்டையில் ஒட்டுகிற மினுங்கும் நாடா, நூல், ரிபன் எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். பூனைக்கு நூல் என்றால் உயிர். சாப்பிடாமல் வாந்தி எடுக்கிற பூனை வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது நாக்கின் அடியை. நூல் அங்கே மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போயிருக்கும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். அப்படியே கொண்டு வாருங்கள். கேக்கையும் எட்டாத இடத்தில் வையுங்கள். சொக்லேட் நாய்க்கு நஞ்சு என்பது தெரிந்த கதை, ஆனால் கேக்கில் போடுகிற பிளம்ஸ், அதாவது முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. வற்றலாக்காத முந்திரிகைப் பழமும் அப்படித்தான்.

அப்புறம், படத்துக்காக றோட்டில் திரிகிற குட்டியைத் தூக்கி வராதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட்டதா என்று தெரியாத குட்டியைப் பிள்ளையின் முகத்தோடு அணைத்து வைத்துப் படம் எடுக்கிறீர்கள். சொந்த நாயாக இருந்தாலும் அது கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, காதைப் பின்னுக்கு மடித்து, கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்த்தால் போதும் என்று சொல்கிறது. அதோடு விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, பாதப் பதிவு வேண்டுமே என்று பிள்ளை அழுதால்? நாயின் பாதத்தை வெறும் தண்ணீரில் நனைத்து நிறத்தாளில் வையுங்கள். ஈரம் காய முதல் பிள்ளை அந்தத் தடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடட்டும், உள்ளே தனக்குப் பிடித்த நிறம் தீட்டட்டும். அச்சு அப்படியே நாயினுடையதாக இருக்கும், நகம் பட்ட புள்ளிகூட விழும். நிறம் குழம்பின கோலம் வேண்டுமென்றால் மட்டையில் தண்ணீர் வர்ணத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே தடித்த பொலித்தீன் போட்டு ஓரத்தை ஒட்டி, அதன்மேல் நாயை நடக்க விடுங்கள். காலில் துளி படாது. முடிந்த உடனே பொலித்தீனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கடித்துத் தின்னும். அதுவும் இல்லையென்றால் உருளைக்கிழங்கில் பாதம் செதுக்கி அச்சுக் குத்தலாம். மூஞ்சிப் படம் எடுப்பதென்றால் பின்னேரம் விறாந்தை வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம், நீங்கள் நிலத்தில் இருந்துகொண்டு எடுங்கள்.

செம்மண்ணைக் குழைத்துப் பதிக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. மற்ற மாதமென்றால் சரி என்றிருப்பேன், அழகான நிறம். ஆனால் இது மழைக்காலம். எலிக்காய்ச்சல் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. நாய்க்கும் வரும், பிள்ளைக்கும் வரும்.

இவ்வளவு சொல்லியும் பெயின்ட் பட்டுவிட்டது என்றால் முதல் வேலை நக்க விடாமல் தடுப்பது. கழுத்துக் கூம்பு இல்லாவிட்டால் தடித்த மட்டையைச் சுருட்டிக் கட்டுங்கள். தண்ணீர் வர்ணம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் குழந்தைகளின் ஷாம்பூவும் போதும். எனாமல் என்றால் காய முதல் தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கித் துணியால் துடைத்து, பிறகு ஷாம்பூவால் கழுவுங்கள். காய்ந்துவிட்டதென்றால் சுரண்டாதீர்கள், கத்தரியைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், ரோமத்தை நாங்கள் வெட்டி எடுக்கிறோம். வரும்போது பெயின்ட் ரின்னையும் கையோடு கொண்டு வாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எங்களுக்கு அரை வேலை முடிந்த மாதிரி.