சிவப்புச் சீனப் பீங்கான்: அடியிலுள்ள முத்திரையைப் பார்த்து வாங்காதீர்கள்

பழைய பீங்கான்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது என் தொழில். சிவப்புப் பூச்சுள்ள சீனக் கிண்ணமோ குடுவையோ வாங்க நினைப்பவர்கள் படம் அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் முதலில் வருவது அடிப்பாகத்தின் படம்தான். அதில் நீல நிறத்தில் ஆறு சீன எழுத்துகள் இருக்கும்: மிங் பேரரசர் சுவாந்தே காலத்தில் செய்தது என்று.

அந்த எழுத்து மட்டும் எதையும் நிரூபிக்காது. சுவாந்தே ஆட்சியாண்டுகள் 1426 முதல் 1435 வரை. அவருக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் பழைய வேலைப்பாட்டின் மீதுள்ள மரியாதையால் அதே முத்திரையை இட்டவர்கள் உண்டு. ஏமாற்றி விற்க இட்டவர்களும் உண்டு.

ஏன் குறிப்பாக அவர் பெயர்? காரணம், பூச்சுக்குச் சிவப்பைத் தரும் செம்பு. இந்தச் சிவப்புக்கு சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னின் சூளைகளில் பூச்சோடு கலந்த செம்பு நூற்றில் ஒரு பங்குகூட இராது. சுமார் 1,250 டிகிரி செல்சியஸுக்கு மேல், காற்றை மட்டுப்படுத்திப் புகை சூழச் சுட வேண்டும். காற்று கூடினால் பச்சை தட்டும். சூடு மிஞ்சினால் செம்பு ஆவியாகி நிறம் வெளுக்கும். சுவாந்தேக்கு முந்திய பேரரசர் யுங்லே காலத்திலும் சுவாந்தே காலத்திலும் இருந்த குயவர்கள் இதை அடக்கியாண்டார்கள். அரண்மனைக்குத் தகாதவை என்று ஒதுக்கியவற்றை உடைத்துப் புதைத்தார்கள். ஜிங்தேஜென்னின் சூஷான் பகுதி அகழாய்வில் அந்தச் சில்லுகள் குவியலாகக் கிடைத்தன.

அரண்மனைக்கு இந்த நிறம் அழகுக்காக மட்டும் தேவைப்படவில்லை. பெய்ஜிங்கில் சூரியனுக்கான வழிபாட்டு மேடையில் வைக்கும் பாத்திரங்கள் அன்று சிவப்பாகவே இருக்க வேண்டியிருந்தது. சுவாந்தேக்குப் பிறகு செம்புச் சிவப்பு கைகூடுவது அரிதாகிவிட, 16ஆம் நூற்றாண்டில் ஜியாஜிங் பேரரசரின் காலத்தில் இரும்புச் சிவப்பைக் கொண்டு சமாளித்தார்கள். அது சுட்ட பீங்கானின் மேல் தீட்டிக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுவது. செம்புச் சிவப்பின் ஆழம் அதில் வராது. புழங்கப் புழங்கத் தேயவும் செய்யும். சந்தையில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்கிறார்கள்.

காங்சி பேரரசர் காலத்தில்தான் செம்புச் சிவப்பு முழு வீச்சில் திரும்பியது. 1705 முதல் 1712 வரை ஜியாங்ஷி மாகாண ஆளுநராக இருந்த லாங் திங்ஜியின் பெயரால் அறியப்படும் சிவப்பை நான் அதிகம் மதிக்கிறேன். ஏழையாக வேண்டுமானால் லாங் சிவப்பைச் சுடு என்று ஜிங்தேஜென்னில் சொல்வார்கள். அவ்வளவு உருப்படிகள் வீணாகும். அதில் பார்க்க வேண்டிய இடம் விளிம்பு. பூச்சு கீழே வழிந்து, வாய் ஓரம் வெள்ளையாகத் தெரியும். வழிந்த பூச்சு அடிவளையத்தை, அதாவது பாத்திரம் தரையில் நிற்கும் வளையத்தை, தாண்டாமல் நின்றிருக்கும்.

அரச குடும்பத்துப் பொருள் என்ற பேச்சு விலையை எப்படி ஏற்றும் என்பதற்கு 1886இல் நியூயார்க்கில் நடந்த, மேரி மார்கன் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பு ஏலம் நல்ல சான்று. காங்சி காலத்துச் சிறிய இளஞ்சிவப்புக் குடுவை ஒன்று, சீன இளவரசரின் தொகுப்பிலிருந்து வந்ததாக அறிவிக்கப்பட்டு 18,000 டாலருக்குப் போனது. செய்தி பரவியதும் ஓர் அமெரிக்கக் கண்ணாடித் தொழிற்சாலை அதே வடிவில் நகல்களைச் செய்து விற்றது. அசல் இன்று பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரரசர்களின் சொந்தத் தொகுப்பு பெய்ஜிங், தைபே அரண்மனை அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கிறது. சீனப் பீங்கான் சேகரிப்பாளர் பெர்சிவல் டேவிட் சேர்த்தவற்றை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வாங்குமுன் இவற்றின் இணையப் படங்களையாவது நிதானமாகப் பாருங்கள்.

பிறகு விற்பவரிடம் விளிம்பு, அடிவளையம், உட்புறம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களாகக் கேளுங்கள். சிதைந்த விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கி, மேலே சாயம் பூசி மறைப்பது வழக்கமான வேலை. புற ஊதா விளக்கின் கீழ் அந்தச் சாயம் பல நேரங்களில் தனியாக ஒளிரும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய சிவப்புப் பாத்திரத்தில் உணவு பரிமாற வேண்டாம்: மேலே தீட்டிய இரும்புச் சிவப்பில் ஈயம் கலந்திருக்கலாம். அதைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.