லாரி விற்பனை சரியும்போது உதிரிபாகப் பட்டறை எதைக் கவனிக்க வேண்டும்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை சிப்காட் வட்டாரத்திலிருந்து என்னிடம் தணிக்கைக்கு வரும் சிறு பட்டறைகளில் சில, லாரிக்கும் பேருந்துக்குமான பாகங்களை லேத்தில் கடைந்து கொடுப்பவை. அவை வாகன நிறுவனத்துக்கு நேரடியாகச் சரக்கு அனுப்புவதில்லை. அந்நிறுவனத்துக்குப் பாகம் வழங்கும் பெரிய ஆலைகளுக்குச் செய்து கொடுக்கின்றன. சந்தை மந்தமாகிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம், “கம்பெனி லாபத்தில்தானே இருக்கிறது, நமக்கு என்ன வந்துவிடும்?” என்று இவற்றின் உரிமையாளர்கள் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை அவர்களைக் கடனில் தள்ளிவிடக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அசோக் லேலண்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2018-19இல் ஏறத்தாழ 1.97 லட்சம் வாகனங்கள் விற்று, 29,055 கோடி ரூபாய் வருவாயும் 1,983 கோடி நிகர லாபமும் ஈட்டிய நிறுவனம், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 1.25 லட்சம் வாகனங்களே விற்றது. வருவாய் 17,467 கோடியாகவும் லாபம் 240 கோடியாகவும் சுருங்கின. வண்டிகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்ததற்கு, லாபத்தில் ஏறக்குறைய 88 விழுக்காடு கரைந்துவிட்டது. உற்பத்தி குறைந்தால் மூலப்பொருள் செலவு குறையும். ஆனால் சம்பளமும் தேய்மானமும் ஆலைப் பராமரிப்பும் அதே வேகத்தில் இறங்குவதில்லை. ஊரடங்கு 2020 மார்ச் கடைசி வாரத்தில்தான் வந்தது என்பதால், இந்தச் சரிவின் பெரும்பகுதிக்குத் தொற்றுநோயைக் காரணம் சொல்ல முடியாது.

காரணங்கள் 2018லேயே தொடங்கிவிட்டன. அந்த ஆண்டு ஜூலையில் லாரிகளின் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்டது. மூன்று அச்சு லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. அதே சரக்கை ஏற்றக் குறைவான வண்டிகளே போதும் என்றானபின், புது வண்டி எடுக்கும் அவசரம் யாருக்கும் இல்லை. செப்டம்பரில் ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடன் தவணை தவறியதும் மற்ற நிதி நிறுவனங்களுக்கே பணம் புரளாமல், வண்டிக்கடன் கிடைப்பது கடினமாயிற்று. சரக்குப் போக்குவரத்தும் தளர்ந்திருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமாவதற்கு முன், பழைய விதிப்படியான பிஎஸ்-4 வண்டிகளை விற்றுத் தீர்க்க வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2019 செப்டம்பரில் எண்ணூர் ஆலைக்கு மட்டும் 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அந்நிறுவனம் அறிவித்தது.

நம் பட்டறைகள் கவனிக்கத் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். சாலையில் தேவை 30 விழுக்காடு குறைந்தால், பட்டறைக்கு வரும் ஆர்டரும் அதே 30 விழுக்காடுதான் குறையும் என்று நினைத்துவிடுகிறார்கள். மாதம் 100 வண்டி விற்கும் டீலர்கள் இரண்டு மாத இருப்பாக 200 வண்டி வைத்திருப்பதாகக் கொள்வோம். விற்பனை 70ஆகக் குறைந்ததும், ஒரு மாத இருப்பான 70 வண்டி போதும் என்று முடிவெடுப்பார்கள். மீதி 130ஐ மூன்று மாதத்தில் கழிக்க வேண்டுமென்றால், மாதம் விற்கும் 70இல் 43 போல இருப்பிலிருந்தே போகும்; நிறுவனத்திடமிருந்து அவர்கள் மாதத்துக்கு 27 வண்டி போல எடுத்தால் போதும். தேவையில் 30 விழுக்காடு குறைவு, ஆலையின் வாசலுக்கு வரும்போது 73 விழுக்காடாகிவிடுகிறது. இடையிலுள்ள பெரிய ஆலையும் தன் கிடங்கு இருப்பைக் கழிக்கத் தொடங்கினால், எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்று சொல்லும் ஷெட்யூலே சில வாரங்களுக்கு நமக்கு வராமல் போகலாம். வாகன நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இது எங்கும் தெரியாது.

ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையின் கணக்கில் இதை நேராகப் பார்த்தேன். வாடிக்கையாளர் அனுப்பியிருந்த மூன்று மாத ஷெட்யூலில் முதல் மாதம் மட்டுமே உறுதியானது. மற்ற இரண்டும் உத்தேசம். உரிமையாளர் மூன்றுக்கும் சேர்த்து இரும்புக் கம்பி வாங்கி அடுக்கிவிட்டார். இரண்டாம் மாதம் ஷெட்யூல் பாதிக்கும் கீழே போனது, பழைய பில்களுக்கான பணமும் இழுத்தடித்தது. சரக்கு இருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி போடும் டிராயிங் பவர் கணக்கில் 90 நாட்களைத் தாண்டிய பாக்கி சேராது என்பதால், கேஷ் கிரெடிட் என்ற தொழில் கடனின் வரம்பு அப்படியே இருந்தும் அவரால் எடுக்க முடிந்த தொகை மாதாமாதம் சுருங்கியது. கையில் பணம் வந்ததோ இல்லையோ, பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். லாப நட்டக் கணக்கில் லாபம்தான் இருந்தது. கூலி கொடுக்க நகையை அடகு வைத்தார்கள். நல்ல தொழில்காரர் ஒருவருக்கு இப்படி நேர்ந்ததைப் பார்க்கையில் எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

ஆகவே ஆண்டு லாபத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாகன நிறுவனங்கள் மாதத் தொடக்கத்தில் வெளியிடும் விற்பனை எண்ணிக்கை, டீலர்களுக்கு அனுப்பிய வண்டிகளின் கணக்கு. டீலர் கூட்டமைப்பான ஃபாடா வெளியிடுவது சாலைக்கு வந்து பதிவான வண்டிகளின் கணக்கு. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து முதல் எண்ணிக்கை இரண்டாவதைவிட அதிகமாக இருந்தால், டீலரிடம் வண்டி தேங்குகிறது, விரைவில் ஷெட்யூல் வெட்டப்படும் என்று எடுத்துக்கொள்ளலாம். பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் இந்த இடைவெளி இயல்பு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உத்தேச ஷெட்யூலை நம்பி மூலப்பொருள் வாங்கத்தான் வேண்டுமென்றால், ஷெட்யூல் மாறினால் அந்த இருப்பை யார் ஏற்பது என்று வாடிக்கையாளரிடம் மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள்.

பாக்கி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பெரும்பாலோர் அரசிடம் புகார் செய்வதில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டி ஆண்டு இறுதியில் நிலுவையிலிருக்கும் இத்தகைய தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. புகார் செய்யாமலேயே பணம் கேட்க இது வழி தருகிறது. அதற்குச் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யத்தில் உங்கள் பதிவு எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும். பதிவில் நீங்கள் வணிகர் என்றல்லாமல் உற்பத்தியாளர் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பிழை இருந்தால் உத்யம் தளத்திலேயே கட்டணமின்றித் திருத்திக்கொண்டு, திருத்திய சான்றிதழின் நகலை வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு மார்ச் மாதத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.