டேலி ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 கம்ப்யூட்டர். கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் டேட்டா ஒரே மெஷினில் இருக்கிறது, மற்ற 14-ம் நெட்வொர்க் வழியே அதைத் திறக்கின்றன. மாதக் கடைசியில் வவுச்சரைச் சேமித்தால் ஹேங் ஆகிறது. எல்லோரும் கேபிளைத்தான் சந்தேகிப்பார்கள். கொஞ்சம் ஆன்டிவைரஸையும் பாருங்கள்.

விண்டோஸுடனே வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் வடிகட்டி டிரைவர் (ஃபைல் வேலைகளை இடைமறிக்கும் பகுதி), ஃபைல் திறக்கும்போதும் எழுதி மூடும்போதும் குறுக்கே வந்து சோதிக்கிறது. ஒரே ஃபைலைப் பல பேர் நாள் முழுக்கத் திறந்து எழுதும் இடத்தில் இந்தச் சின்னச் சின்னத் தாமதங்கள் சேர்ந்துகொண்டே போகும். அதற்குத்தான் விலக்கு: இந்த இடத்தைச் சோதிக்க வேண்டாம் என்று டிஃபெண்டரிடம் சொல்லிவைப்பது.

அவசரத்தில் டி டிரைவ் முழுவதையும் விலக்கிவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து: பென் டிரைவிலிருந்து அங்கே காப்பி ஆகும் எதையும் டிஃபெண்டர் பார்க்காது. டேட்டா ஃபோல்டரின் முழுப் பாதையை மட்டும் கொடுங்கள்.

டேலி புரோகிராமையே ப்ராசஸ் விலக்காக, அதாவது அது திறக்கும் ஃபைல்களைச் சோதிக்க வேண்டாம் என்று, கொடுத்தால் போதாதா? டேட்டா இருக்கும் மெஷினில் போதாது. அங்கே ஃபைலைத் திறப்பது டேலி இல்லை. நெட்வொர்க் கோரிக்கையை வாங்கும் விண்டோஸின் சிஸ்டம் ப்ராசஸ். அதனால் அந்த மெஷினுக்குப் பாதை விலக்குதான் சரி. ப்ராசஸ் விலக்கு, ஃபைலைத் திறக்கும் நேரத்தில் நடக்கும் நேரடிச் சோதனைக்கு மட்டும்தான் பொருந்தும்; அட்டவணைப்படி ஓடும் ஸ்கேன் அதை மதிக்காது.

வேலூரிலிருந்து சர்வீஸுக்கு வருபவர் ஒவ்வொரு மெஷினிலும் கையால் சேர்த்தால், ஆறு மாதத்தில் 15 மெஷினிலும் 15 விதமான பட்டியல் இருக்கும். டொமைன் (எல்லா மெஷினையும் ஒரு சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால், அமைப்புகளை எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பும் குரூப் பாலிசியில், டிஃபெண்டர் பகுதியின் எக்ஸ்க்ளூஷன்ஸில், பாதையைப் பெயராகவும் 0-வை மதிப்பாகவும் எழுதுங்கள். கூடவே, அந்தந்த மெஷினின் லோக்கல் அட்மின் சேர்க்கும் விலக்குப் பட்டியல் இதோடு கலக்காதபடி அதற்கான பாலிசியையும் மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால், அட்மின் உரிமை பிடித்த வைரஸ் தனக்கே விலக்கு எழுதிக்கொள்ளும். பாலிசி தானாகப் போய்ச் சேர 90 நிமிடம், அதற்கு மேல் 30 நிமிடம் வரை ஆகலாம்.

பாதையில் பயனர் பெயரைக் குறிக்கும் மாறியைப் போடாதீர்கள். டிஃபெண்டர் பயனரின் கணக்கில் இல்லாமல் விண்டோஸின் சிஸ்டம் கணக்கில் ஓடுவதால் அதை வேறு இடமாகப் படிக்கும்.

கடைசியில், விலக்கு சரியா என்று பார்க்க ஐகார் (EICAR) சோதனை ஃபைல்; ஆன்டிவைரஸைச் சோதிப்பதற்கென்றே உள்ளது. வெறும் 68 எழுத்து, தீங்கில்லாதது. டேட்டா ஃபோல்டரில் வைத்தால் டிஃபெண்டர் சும்மா இருக்க வேண்டும்; ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில் வைத்ததும் பிடிக்க வேண்டும். மேலேயும் பிடிக்கவில்லை என்றால் விலக்கு அகலமாகிவிட்டது. சோதனை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.