துபாய்க்கு டிக்கெட் போட முதல்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துச் சிறு ஏற்றுமதியாளர்களின் கணக்கைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது பயணச் செலவுக்குத்தான். விமான டிக்கெட்டோடு அது முடிவதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகவே ஓர் இரவு வேண்டும். சில நாடுகளின் விசாவுக்கு விரலடையாளம் கொடுக்க அதற்கு முதலே ஒரு தடவை கொழும்பு. அப்புறம் அறை வாடகை, முதலாளி இல்லாமல் தேங்கும் வேலை. ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு ஒரு கிழமை போய்விடும்.

“இதை ஸூமிலேயே பேசியிருக்கலாமே” என்றால், “முகம் பாராமல் ஆர் சேர் ஓடர் தருவான்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964இலேயே நியூயோர்க் கண்காட்சியில் வைத்தது. அது எடுபடவில்லை. 2020இல் ஊரடங்கு வந்த பிறகுதான் எல்லோரும் திரைக்குப் பழகினோம். தொழில் பயணங்களில் பாதிக்கு மேல் இல்லாமல் போகும் என்று பில் கேட்ஸ் அந்த ஆண்டு நவம்பரில் சொன்னார். 2024இல் உலக விமானப் பயணம் 2019ஐத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு சுற்றுலாவும் உறவினரைப் பார்க்கப் போவதும் என்பதால், அதை வைத்து அவர் பிழை என்று சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால், பேசுவதற்கென்றே போகும் பயணங்கள் குறையும், குறையவும் வேண்டும். பழகிய கொள்வனவாளரோடு விலை திருத்துவது, அனுப்பும் திகதியை மாற்றுவது, மாதக் கணக்கு ஒப்பிடுவது எல்லாம் திரையிலேயே முடியும். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்.

பார்ப்பதற்காகப் போகும் பயணம் வேறு. சரக்கிருப்பு பெருந்தொகையாக இருந்தால், அதை எண்ணும் இடத்தில் கணக்காய்வாளர் நிற்க வேண்டும் என்பது சர்வதேச கணக்காய்வு நியமம் 501 சொல்வது. கொரோனா காலத்தில் பலர் இதைக் கமராவில் செய்தார்கள். கமராவைப் பிடித்திருப்பவர் காட்டுவதுதான் நமக்குத் தெரியும். முன் வரிசைப் பெட்டி நிறைந்திருக்கும், பின்னால் இருப்பது வெறும் பெட்டியா என்று தட்டிப் பார்க்க முடியாது. நேற்று எண்ணிய சாமானே இன்று வேறு களஞ்சியத்தில் நின்றாலும் பிடிபடாது. ஐஸ் போட்ட இறாலின் மணம் திரையில் வராது. மருதமுனைச் சாறியின் நிறமோ ஒவ்வொரு ஃபோனிலும் ஒவ்வொரு மாதிரி. துணி மாதிரியைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பேசினால் அந்தச் சிக்கல் பாதி தீரும். இறாலுக்கு அந்த வழியும் இல்லை.

இன்னொரு ஆபத்தை நம் ஆட்கள் இன்னும் பெரிதாக எடுப்பதில்லை. 2024 தொடக்கத்தில் ஹொங்கொங்கில், பிரித்தானிய அரூப் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் காணொளிக் கூட்டமொன்றில் கலந்துகொண்டார். அதில் தலைமை நிதி அதிகாரியும் மற்றவர்களும் தெரிந்தார்கள். எல்லாம் செயற்கை நுண்ணறிவால் செய்த போலி உருவங்கள். அதை நம்பி அவர் அனுப்பிய தொகை சுமார் 200 மில்லியன் ஹொங்கொங் டொலர். ஆக, முகம் தெரிந்தாலே ஆள் அவர்தான் என்று இனிச் சொல்ல ஏலாது. வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று யாராவது திரையில் சொன்னால், சரி என்று கேட்டுக்கொண்டு அழைப்பை வையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். அது வரை காசு அனுப்ப வேண்டாம்.

கையெழுத்து விடயத்தில் நம் சட்டம் ஓரளவு வழி விட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களையும் கையொப்பத்தையும் ஏற்கிறது. ஆனால் காணி விற்பனை, அற்றோணித் தத்துவம் (நமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), மரண சாசனம் போன்றவை அதில் அடங்கா.

போகத்தான் வேண்டும் என்றால் போங்கள். டிக்கெட் ரசீதின் பின்பக்கம் யாரை, எதற்காகச் சந்தித்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இறைவரித் திணைக்களம் கேட்கும்போது, அது தொழிலுக்கான செலவுதான் என்று காட்ட எனக்கு அந்த வரி தேவை.